சிவப்பு இலைகளில் ரத்தம் தெரியாது

எங்கள் நாய் திப்பிலியின் காலில் ரத்தம் வந்துகொண்டிருந்ததை எவ்வளவு தூரம் நடந்த பிறகு கவனித்தோம் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அரைக் கிலோமீட்டர் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பாதை முழுக்க மேப்பிள் இலைகள் சிவப்புச் சிவப்பாக விழுந்து கிடந்தன. அதில் சிந்திய ரத்தம் எங்கே தெரியும்? ஓர் இடத்தில் வெளிறிய பாறைத் திட்டு ஒன்று குறுக்கே வந்தது. அதைத் தாண்டி நாலடி போன பிறகு எதற்கோ திரும்பிப் பார்த்தேன். பாறைமேல் பொட்டு வைத்த மாதிரி வரிசையாக, ஒரே ஒரு காலின் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"அக்கா, இது யாரோடது?" என்றான் தம்பி. தன் கையைத் திருப்பிப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். நாய்மேல் எங்கள் இருவருக்குமே முதலில் சந்தேகம் வரவில்லை. அவள் நொண்டவில்லை, முனகவில்லை. வால்கூட ஆடிக்கொண்டுதான் இருந்தது.

திப்பிலிக்கு அப்போது ஆறு வயது. 21 கிலோ எடை, நல்ல கறுப்பு, இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவள். அதனால் மலையேற்றம் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அவளிடம் கேட்டு எடுத்த முடிவில்லை, கேட்டிருந்தாலும் 'வரேன்' என்றுதான் சொல்லியிருப்பாள். நாயோடு மலைக்குப் போவதில் உள்ள சிக்கலே இதுதான். மனிதத் துணையாக இருந்தால் 'முட்டி வலிக்குது, திரும்பலாமா' என்று எங்காவது கேட்கும். நாய் கேட்காது. நாம் போகிற வரை வரும், கால் கிழிந்தாலும் வரும்.

தப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்தால், காலையில் கிளம்பிய நேரத்தில்தான். 14 கிலோமீட்டர், போய்த் திரும்புகிற பாதை. ஏற்றம் 900 மீட்டர். மலையேறுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது. இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு நாலே கால் மணி நேரம் போதும். விடிகாலையில் பனிமூட்டமாக இருந்ததால் மெதுவாகக் காப்பி குடித்துவிட்டு, பத்தரைக்கு நடக்க ஆரம்பித்தோம். மூன்று மணிக்குக் கீழே வந்துவிடலாம் என்று நினைப்பு.

அந்தக் கணக்கு நிற்காமல் நடக்கிற ஆளுக்கு. நாயோடு போகிறவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு மரத்தடியிலும் அவள் மோந்து பார்க்க வேண்டும், எதிரே ஆள் வந்தால் ஓரமாகப் பிடித்து நிறுத்த வேண்டும், அரை மணிக்கொரு தடவை கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் வைக்க வேண்டும். அதிலும் இலையுதிர்காலத்தில் நமக்கும் கால் நகராது, நாலடிக்கு ஒரு போட்டோ. கணக்குப்படி ஒன்றரைக்கு உச்சியில் இருந்திருக்க வேண்டியவர்கள், இரண்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். இப்போதெல்லாம் அந்தக் கணக்கில் வருகிற நேரத்தோடு இன்னொரு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். அப்படியும் சில நாள் பத்துவதில்லை.

பகல் சுருங்குகிற வேகத்தையும் நான் மனதில் வைக்கவில்லை. நாலு பருவமும் தெளிவாக உள்ள நாடுகளில் இந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் வெளிச்சம் குறையும். அதாவது வாரத்துக்கு இருபது நிமிடம். போன மாதம் வெளிச்சத்தில் முடித்த பாதை இந்த மாதம் இருட்டில்தான் முடியும். அன்றைக்குச் சூரியன் மறைய வேண்டிய நேரம் ஐந்தே முக்கால். ஆனால் மலையின் நிழல் பக்கத்தில், அடர்ந்த மரங்களுக்குக் கீழே, ஐந்து மணிக்கே புத்தகம் படிக்க முடியாது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஓடை. திப்பிலி வயிறு நனைய இறங்கி நின்றுகொண்டாள். பார்க்க அழகாக இருந்தது, விட்டுவிட்டோம். மேலே போனதும் காற்று. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. கீழே 12 டிகிரி என்றால் மேலே ஆறு, அதில் காற்று வேறு. நாங்கள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் ஒரு பாறையின் மறைவில் சுருண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். 'போட்டோவுக்கு என்னமா போஸ் குடுக்கிறா பாரு' என்று தம்பி ஏழெட்டுப் படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காதுகள் பின்னால் மடங்கி, வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. போஸ் இல்லை அது, குளிர்.

நாயின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும், நம்மைவிட அதிகம். காய்ந்த ரோமம் அதை நன்றாகவே காப்பாற்றும். நனைந்துவிட்டால் அதே ரோமம் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். நடக்கும்போது தெரியாது, உட்கார்ந்ததும் உடல் வெப்பம் இறங்கும். நடுக்கம் வந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, சோர்ந்து, தள்ளாடினால் நிலைமை இன்னும் மோசம். இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கையளவுக்கு மடங்குகிற துண்டு ஒன்று, காற்றைத் தடுக்கிற மெல்லிய நாய்க்கோட்டு ஒன்று போதும். முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் கோட்டு. ஈரத்தின்மேல் கோட்டுப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

மூன்றேகாலுக்கு இறங்க ஆரம்பித்தோம். அந்த வெட்டு எதனால் ஏற்பட்டது என்று தெரியாது. உடைந்த பாட்டிலாக இருக்கலாம், சிலேட்டுக் கல்லின் விளிம்பாக இருக்கலாம். இலை மூடிய பாதையில் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல், வேர், குழி எல்லாவற்றையும் ஒரே கம்பளம் மூடியிருக்கிறது. மழை பெய்து ஈரமான இலை என்றால் வழுக்கலும் சேரும். ஏறுவதைவிட இறங்குவதுதான் நாய்க்குச் சிரமம் என்பதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன். சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடும். ஓடையில் ஊறி மெத்தென்று ஆன பாதம், முழு எடை, கூர்மையான ஏதோ ஒன்று. வலது முன்னங்காலின் பெரிய அடிமெத்தையில் ஒன்றரை அங்குலத்துக்குத் திறந்திருந்தது.

நான் காலைப் பிடித்துத் தூக்கியதும் அவள் என் மணிக்கட்டைக் கவ்வினாள். ஆறு வருடத்தில் ஒரு குழந்தையைக்கூட உறுமாதவள். பல் பதிந்தது, தோல் கிழியவில்லை. அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, வலியில் எந்த நாயும் கடிக்கும். முதலில் வாயைக் கட்டியிருக்க வேண்டும். துணிப்பட்டை ஒன்றை மூக்கின்மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு. வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது. தம்பியின் கழுத்துத் துணி அதற்கு உதவியது.

எங்களிடம் முதலுதவிப் பை இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே மனிதர்களுக்கான சின்னச் சின்ன பிளாஸ்திரிகள். ரோமத்தில் அது ஒட்டுமா? காயத்தைத் தண்ணீரால் கழுவினோம், உள்ளே கல் எதுவும் இல்லை என்று பார்த்தோம். சுத்தமான கைக்குட்டையை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம். ரத்தம் மட்டுப்பட்டது. தம்பி தன் மாற்றுக் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலில் சும்மா சுற்றி வைத்திருந்த அகல டேப்பைப் பிரித்துக் காலுறைக்கு மேல் சுற்றினான். அந்த டேப்பைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். இனி சிரிக்க மாட்டேன்.

இப்போது என் பையில் என்ன இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி ஒரு சுருள். இது ரோமத்தில் ஒட்டாது, அவிழ்க்கும்போது முடியைப் பிடுங்காது. காயத்தின்மேல் வைக்க ஒட்டாத காஸ் துணி. விரல்களுக்கு நடுவே வைக்கக் கொஞ்சம் பஞ்சு. கட்டு இறுக்கமாகிவிட்டால் ரத்த ஓட்டம் நிற்கும், அதனால் அரை மணிக்கொரு தடவை விரல்கள் வீங்கியிருக்கின்றனவா, சில்லிட்டிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் நாய்க்கான காலணி, ஒரு ஜோடி. நாலு காலுக்கும் மாட்டிக்கொண்டு நடக்க திப்பிலி சம்மதிக்கவே மாட்டாள், நீரில் நடக்கிற கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். ஆனால் கட்டுப் போட்ட ஒரு காலுக்கு மேல் மாட்டினால் பொறுத்துக்கொள்கிறாள். அதையும் வீட்டிலேயே நாலைந்து நாள் பழக்கிவிட வேண்டும். மலையில் முதல் தடவையாக மாட்டினால் அது நமக்கும் சண்டை, அதற்கும் சண்டை.

தம்பி தன் பையிலிருந்து ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்றை எடுத்தான். "பாதி குடுத்தா போதாதாக்கா?" கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, நல்லவேளை. அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலும் ஆபத்துதான். கால்நடை மருத்துவர் தந்த மருந்து தவிர எதுவும் வேண்டாம்.

நாலரைக் கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. நூறடி நடந்ததும் காலுறை முழுக்கச் சிவந்துவிட்டது. சரி, தூக்கத்தான் வேண்டும். 21 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது வேறு, நெளிகிற 21 கிலோவைச் சரிவில் தூக்கிக்கொண்டு இறங்குவது வேறு. தோளுக்குப் பின்னால் குறுக்காகப் போட்டு, முன்னங்கால் ஒரு கையில், பின்னங்கால் ஒரு கையில். இருநூறு அடிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். காலடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியாது, கோலும் ஊன்ற முடியாது, இலை வழுக்குகிறது. நான் ஒருமுறை உட்கார்ந்தே விட்டேன். நாயைத் தூக்கும் மடக்குத் தொட்டில் என்று ஒன்று விற்கிறார்கள், மடித்தால் ஒரு ஸ்வெட்டர் அளவுக்கு வரும், தோள்பை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவரும், தன்னால் தூக்க முடியாத எடையுள்ள நாயை வைத்திருப்பவரும் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்த நாய் நடக்காவிட்டால் கீழே கொண்டுவருவது யார்?

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்றுதான் இருந்தது. கைபேசியில் காலையில் நிறைய சார்ஜ் இருந்தது, குளிரில் மளமளவென்று இறங்கிக் கடைசியில் அணைந்தே போனது. பாட்டரிக்குக் குளிர் ஆகாது, உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்குவதற்காகத் திப்பிலியைக் கீழே விட்ட ஓரிடத்தில், கயிற்றின் மறுமுனையில் அவள் இருக்கிறாளா என்றே தெரியவில்லை. டார்ச்சைத் திருப்பினால் பச்சையாக இரண்டு கண்கள் மட்டும் மின்னின. கறுப்பு நாய்க்குக் கழுத்துப்பட்டையில் மாட்டும் சின்ன விளக்கு ஆடம்பரம் என்று முன்பு நினைத்திருந்தேன்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்குச் சரியாகச் செய்த ஒரே விஷயம் அதுதான். நாள் முழுக்க அவளைக் கழற்றிவிடவில்லை. இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு, மார்போடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ். இழுத்தால் நீண்டுகொண்டே போகிற சுருள்கயிறு மரங்களுக்கு நடுவே சிக்கும், கையைக் கிழிக்கும், மலைக்கு அது லாயக்கில்லை. இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிற வகை ஏற்றத்தில் சுகம். இறக்கத்தில் மட்டும் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அவள் ஒரு எட்டு வைத்தால் நாம் நாலு எட்டு உருளுவோம். மேலே ஏறும்போது எங்கோ ஓர் ஆண்மான் கனைத்தது, தொண்டையிலிருந்து வருகிற கரகரப்பான சத்தம். பல மான் இனங்களுக்கு இலையுதிர்காலம் இணை சேரும் பருவம். ஆண்கள் அப்போது மூர்க்கமாக இருக்கும், பயந்து ஓடுவதற்குப் பதிலாக எதிர்த்தும் வரலாம். திப்பிலி இரண்டு கால்களில் நின்று இழுத்தாள். கயிறு இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலை ரத்தத்தடம் பார்த்திருக்க மாட்டோம், நாயையே தேடிக்கொண்டிருந்திருப்போம்.

பல நாடுகளில் வேட்டைப் பருவமும் இதே மாதங்களில்தான் வரும். புதருக்குள் அசைகிற கறுப்பு உருவம் தூரத்திலிருந்து காட்டுப்பன்றி மாதிரி இருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை நாய்க்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். போகும் பாதையில் வேட்டைக்கு அனுமதி உண்டா, நாய்க்கு அனுமதி உண்டா என்று முதல் நாளே அந்த வனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

தின்பண்டம் விஷயத்திலும் மயிரிழையில்தான் தப்பினோம். உச்சியில் தம்பி தன் பங்கு பருப்புக் கலவையை அவளுக்கு நீட்டினான். அதில் உலர்திராட்சை இருந்தது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட்டும் மக்கடேமியா பருப்பும் நாய்க்கு ஆகாதவைதான். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில எனர்ஜி பார்களிலும் இருக்கும் சைலிட்டால் அதைவிட வேகமானது, ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். மலையேறுகிறவன் பையில் இருப்பதில் பாதி நாய்க்கு விஷம். அவளுக்குத் தனி டப்பா. அதில் அவள் வழக்கமாகத் தின்பதே, கொஞ்சம் கூடுதலாக.

தரையில் கிடப்பதும் அப்படித்தான். மழைக்குப் பிந்தைய இலையுதிர்காலக் காட்டில் காளான் முளைக்காத இடமில்லை. எது நல்லது, எது கெட்டது என்று நாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா வகையைத் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் இருந்து, அப்புறம் வாந்தி தொடங்கும், ஈரல் போகும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், தின்றதின் மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 'விடு' என்றால் வாயிலிருப்பதைக் கீழே போடப் பழக்குவது, உட்கார், கை கொடு எல்லாவற்றையும்விட உபயோகம். தேங்கிய குட்டைத் தண்ணீரும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அதிலிருந்து வரலாம். 21 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. குளிராக இருக்கிறதே என்று நான் குறைத்து எடுத்துப்போன பாதியும் காயம் கழுவவே தீர்ந்துவிட்டது.

ஏழே காலுக்குக் காரை அடைந்தோம். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து வாய்க்கட்டை அவிழ்த்ததும், தம்பியின் முகத்தை ஒருமுறை நக்கிவிட்டுத் தூங்கிவிட்டாள். அவசர மருத்துவமனையில் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள், வெட்டு பயந்த அளவுக்கு ஆழமில்லை. பாதத்தில் காயம் சீக்கிரம் ஆறாது, ஒவ்வொரு அடியிலும் அது திறந்துகொள்ளும் என்று சொல்லி, மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும், காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு கதவுக்குக் கதவு இடித்துக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் காலையில் தடவிக்கொடுத்தபோது காதுக்குப் பின்னால் எள்ளளவுக்கு ஏதோ உருண்டது. உண்ணி. குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்பது பாதி பொய். லைம் நோயைப் பரப்பும் வகையின் முதிர்ந்த உண்ணிகள் இலையுதிர்காலத்திலும் நன்றாக நடமாடும், உறைபனி விழாத நாளெல்லாம் அவற்றுக்கு வேட்டை நாள்தான். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுத்தேன். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். அந்த நோய்க்கிருமி நாயின் ரத்தத்துக்குள் போக உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றிரவே தேடி எடுப்பதற்கு மதிப்பு உண்டு. காது, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். முந்தின இரவு எங்களுக்கு அதற்குத் தெம்பில்லை.

அடுத்த வருடம் அதே பருவம், அதே பாதை. இந்த முறை ஏழு மணிக்கே நடக்க ஆரம்பித்தோம். எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கீழேயே பேசிக்கொண்டோம். ஒரு மாதமாகவே சின்னச் சின்ன மேடுகளில் அவளைப் பழக்கியிருந்தேன். முக்கால் மணிக்கொரு தடவை உட்கார்ந்து நாலு பாதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். அதனாலேயே எங்கள் வேகம் இன்னும் குறைந்தது. பன்னிரண்டு அடிக்கும்போது உச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தான்க்கா. அரை மணி நேரம்."

நான் திப்பிலியைப் பார்த்தேன். ஓடைக்கரையில் இலைக்குவியலின்மேல் காய்ந்த வயிற்றோடு படுத்து, முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தேன், காயம் ஒன்றுமில்லை, பழைய தழும்பு மட்டும் வெளிர்நிறக் கோடாக இருந்தது. தம்பி பையை இறக்கிவைத்து அவளுடைய டப்பாவைத் திறந்தான். அங்கேயே உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.